தடம் பார்த்த கேமரா

கேமரா தமிழ்நாட்டுக்கு வந்த புதிதில் அதற்கு நடப்பவர்கள் தெரியவில்லை. நடந்த தடம்தான் தெரிந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1857 கடைசியில் கிளம்பி ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். மதுரையில் வைகையின் குறுக்கே போன தரைப்பாலத்தையும் எடுத்தார். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். ஒரு படம் விழ வேண்டுமென்றால் லென்ஸ் மூடியை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரமும் அசையாமல் நிற்கிற பாறையும் கோபுரமும் பாதையும் படத்தில் பதிந்தன. பாதையில் போன ஆளும் வண்டியும் பதியவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். கோவையைச் சுற்றிக் காட்டோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் இரவு பகலாகக் கேமராக்கள் விழித்திருக்கின்றன. நொடியில் கடந்து போகிற சிறுத்தைகூட அவற்றிடம் தப்புவதில்லை. ஆனால் யாரும் கடக்காத நேரத்தில் அவை எதையும் எடுப்பதில்லை. தடம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கடப்பவர்தான் முக்கியம். இந்த மாற்றத்தில் நமக்குக் கிடைத்தது பெரிது; நாம் கவனிக்காமல் விட்டதும் உண்டு. கொங்கு நாட்டின் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இரண்டும் புரியும்.

காட்டுத் தடம்

முதலில் ஆனைமலை. 1976-ல் சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம். டாப்சிலிப் பக்கத்துக் காட்டில் புலி இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று அறிய அந்தக் காலத்தில் ஒரே வழிதான்: கால்தடம். ஒடிசாவின் வன அதிகாரி எஸ்.ஆர்.சௌத்ரி 1966-ல் வகுத்த முறை அது. தடத்தின் மேல் கண்ணாடிச் சட்டத்தை வைத்து, அதன் விளிம்பை அப்படியே வரைந்து காகிதத்துக்கு மாற்றுவார்கள். நல்ல தடமாக இருந்தால் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பார்கள். 1972-ல் நடந்த முதல் அகில இந்தியக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடந்தது. வந்த எண்ணிக்கை 1827.

தடத்தைப் புகைப்படம் எடுப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். உச்சிவெயிலில் எடுத்தால் தட்டையான புழுதி மட்டும்தான் தெரியும். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது தடத்தின் கரை நிழல் கட்டும். அப்போதுதான் பாதத்தின் பின்திண்டும் நான்கு விரல்களும் தனித்தனியாக எழுந்து நிற்கும். கேமராவைத் தடத்துக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் அளவு பொய் சொல்லும். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்க வேண்டும். ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படம் என்பதால் எந்தத் தடம் எடுக்கத் தகுந்தது என்று முதலில் கண்ணால் படித்தாக வேண்டும்.

அந்தப் படிப்பைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆனைமலைப் பழங்குடிகளான காடர்களும் மலசர்களும் முதுவர்களும். நகம் பதிந்திருந்தால் நாய் இனம். நகம் இல்லாமல் வட்டமாக இருந்தால் பூனை இனம். மனிதப் பாதம் மாதிரி நீண்டு, முன்னால் நீளமான நகக்கீறல் இருந்தால் கரடி. புலியின் பின்கால் தடம் சதுரத்துக்குள் அடங்கினால் ஆண், நீள்சதுரமானால் பெண் என்பார்கள். யானையின் முன்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். யானையைப் பார்க்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

கால்தடக் கணக்கின் மேல் சந்தேகம் வெகுநாளாகவே இருந்தது. ஒரே புலி ஈர மண்ணில் ஒரு மாதிரியும் காய்ந்த புழுதியில் வேறு மாதிரியும் தடம் பதிக்கும். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் தொண்ணூறுகளிலேயே தானியங்கிக் கேமராக்களை வைத்து, உடல் வரிகளைக் கொண்டு புலிகளை எண்ணிக் காட்டியிருந்தார். கடைசி அடி ராஜஸ்தானில் விழுந்தது. காகிதத்தில் புலிகள் இருந்த சரிஸ்காவில் உண்மையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று 2005-ல் தெரியவந்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கேமராவுக்கு மாறினார்கள். தடத்தின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு கேமரா. இரண்டு விலாவின் வரிகளும் தெரிய வேண்டும், ஏனென்றால் இடது பக்க வரியும் வலது பக்க வரியும் ஒன்றாக இருப்பதில்லை. 2018-19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3 கோடியே 48 லட்சம் படங்களுக்கு மேல் எடுத்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை இது. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள்.

தடம் படிக்கும் வித்தை இதனால் தேவையற்றுப் போய்விடவில்லை. கேமராவை எந்த மரத்தில் கட்டுவது என்ற கேள்விக்கு விடை தரையில்தான் இருக்கிறது. புலி நடக்கிற வழி தெரியாமல் கட்டின கேமராவில் அசையும் இலைதான் கிடைக்கும். வனக்காவலர்கள் இன்றும் நடந்துதான் போகிறார்கள். பார்த்த தடத்தை ஃபோனில் எடுத்தால் இடமும் நேரமும் சேர்ந்தே செயலியில் ஏறுகிறது. கயிறும் கண்ணாடியும் போயின. தரையைப் பார்க்கும் கண் போகவில்லை.

இரும்புத் தடம்

சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு ரயில் பாதை போட்டபோது 1862-ல் போத்தனூர் வந்துவிட்டது. அங்கிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் வரை 1873-ல் கிளைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல், ஊட்டிக்கு 1908-ல் மலை ரயில்.

நீலகிரி ரயிலைப் படம் எடுத்தவர்களுக்குத் தொடக்கத்தில் வியப்பு ரயிலில் இல்லை, பாதையில்தான். கல்லாற்றுக்கு மேல் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் இரண்டு ஒட்டினாற்போல் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி பொருத்தியிருப்பதால், இன்ஜினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்திருக்கும். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும் சரிவுக்கு அந்தப் பிடிப்பு வேண்டும். 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். அந்தக் காலத்துப் பட அஞ்சலட்டைகளில் பாலமும் வளைவும் பெரிதாக இருக்கும். இப்போது 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இந்த ரயிலில் ஏறுகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பின்னாலிருந்து தள்ளிவரும் நீராவி இன்ஜினையும் அதற்கு முன்னால் தங்கள் முகத்தையும் எடுக்கிறார்கள். பற்சட்டத்தைக் குனிந்து எடுப்பவர்கள் குறைவு.

போத்தனூர் - பொள்ளாச்சி பாதையின் கதை வேறு. 1915-ல் மீட்டர் கேஜில் வந்த பாதை அது. பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு 1928-ல் நீண்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடிய பிறகு போத்தனூர் - பொள்ளாச்சிப் பகுதி 2017-ல்தான் மறுபடி திறந்தது. ஒரு மீட்டர் அகலமாக இருந்த இடைவெளி 1676 மில்லிமீட்டர் ஆயிற்று. தென்னந்தோப்புக்குள் ஒடுங்கிப் போன பழைய பாதைக்கு மரக்கட்டையும் செம்மண் கரையும் இருந்தன. இப்போது காங்கிரீட் கட்டை, உயர்ந்த ஜல்லிமேடு. பழையதை எடுத்து வைத்தவர்கள் பெரும்பாலும் ரயில் ஆர்வலர்கள்; கடைசி வண்டியைப் படம் எடுக்கக் கூட்டம் வரும், வண்டி நின்றபின் துருப்பிடித்துக் கிடக்கும் தண்டவாளத்தை எடுக்க யாராவது ஒருத்தர் வந்தால் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் அத்துமீறல், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படம் வேண்டுமென்றால் நடைமேடையும் மேம்பாலமும் இருக்கின்றன.

மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவே இரண்டு வகைத் தடங்கள் குறுக்கிடுகின்றன. ஒன்று ரயிலுக்கு, ஒன்று யானைக்கு. யானையின் வழி பழையது. ரயில் பின்னால் வந்தது. கரையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் யானை இறங்கிவிட்டால் சட்டென்று ஏற முடியாது. வளைவில் வருகிற ரயிலுக்கோ கடைசி நிமிடத்தில்தான் யானை தெரியும். பல வருடங்களாக இங்கே எடுத்த படங்கள் எல்லாம் நடந்து முடிந்த பின் எடுத்தவை: தண்டவாளம், கிடக்கும் யானை, சுற்றி நிற்கும் ஜனம். 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ஒரே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. மறுநாள் செய்தித்தாளிலும் அதே மாதிரிப் படம்தான்.

2024 பிப்ரவரியில் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கியது. ஏழு கிலோமீட்டர் தொலைவுக்கு 12 கோபுரங்கள். அவற்றில் சாதாரணக் கேமராவும், உடல் சூட்டை வைத்து இருட்டில் பார்க்கும் வெப்பக் கேமராவும். யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும். அங்கிருந்து ரயில்வேக்கும் களத்தில் இருக்கும் வனக்காவலர்களுக்கும். ரயில் வேகத்தைக் குறைக்கும், யானை கடக்கும். கேமரா வந்த நூற்று எழுபது வருடத்தில் இந்தத் தடத்தில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன். நடந்ததைக் காட்டிய கருவி இப்போது நடக்காமல் தடுக்கிறது. ஆனாலும் அந்தக் கோபுரங்களை எங்கே நடுவது என்று சொன்னது யானை நடந்த தடம். வலசை வழியைக் கால்நடையாகப் படித்தவர்கள் முன்னால் போனதால்தான் கேமரா பின்னால் வர முடிந்தது.

ஓட்டத் தடம்

கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 வாக்கில் வந்த கார்ப் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். 1995-ல் விமான விபத்தில் இறந்த பந்தய வீரர் எஸ்.கரிவர்தன் பெயரில் அமைந்தது. ஒரு காலத்தில் கோவைக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். பந்தயப் படக்காரர் காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்புவார்; கார் துலக்கமாக நிற்க, தடம் கலைந்து கோடுகளாகிவிடும். ரேக்ளாப் பந்தயத்திலும் அப்படித்தான். காங்கேயம் காளைகளின் கொம்பும் ஓட்டுபவரின் முகமும் கூர்மையாக விழும், மண் வெறும் புழுதியாகிவிடும். தடத்தை மங்கவைத்தால்தான் வேகம் தெரியும் என்பது இந்தப் படக்கலையின் விதி. அதில் குறையில்லை.

யாரும் எடுக்காத தடம்

குறை இருப்பது இட்டேரியில். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம். வேலியோடு கள்ளி, சங்கஞ்செடி, பிரண்டை, கோவைக்கொடி, ஆவாரை. அதற்குள் கௌதாரி, காடை, கீரி, உடும்பு, செம்பூத்து. தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் உருண்டு தேய்ந்ததால் இட்டேரி பக்கத்துக் காட்டைவிட (இங்கே விளைநிலத்துக்கும் காடு என்றுதான் பெயர்) தாழ்ந்து கிடக்கும். மழை பெய்தால் அதுவே பள்ளமாகி ஓடும். வெள்ளாட்டுக்கு மேய்ச்சல், கூலிக்காரருக்கு நிழல், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோவைப்பழம், எல்லாம் அங்கேதான்.

இன்று பலவும் தார்ச்சாலையாகவோ சிமெண்ட் சாலையாகவோ மாறிவிட்டன. கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டாயிற்று. சிலது "சைட்டு போட்டுட்டாங்க" என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. சாலை வந்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வருவதை வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். ஆனால் அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அஸ்திவாரத்திலிருந்து திறப்பு விழா வரை ட்ரோன் படம் உண்டு. மறைந்த இட்டேரிக்கு ஒரு படம் தேடினால் கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் கொஞ்சம் வேலி தெரியலாம்.

தடம் மறைவது கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. சுண்டக்காமுத்தூர் பக்கத்தில் பாறையில் வெட்டிய சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று ராஜகேசரிப் பெருவழியைக் குறிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குப் போன வணிக வழி அது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்ததற்கு அந்தக் கணவாய் வழியே நடந்த பழைய போக்குவரத்துதான் காரணம் என்பார்கள். வழி தரையில் அழிந்தும் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறதென்றால், யாரோ அது இருக்கும்போதே "இது இன்ன வழி" என்று கல்லில் வெட்டி வைத்ததால்தான்.

கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படத்துக்கு நகர்த்திப் பார்த்தால் சில இட்டேரிகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். வருடம் ஏற ஏறக் கோடு நைந்து போகும். மேலிருந்து தெரிவது அவ்வளவுதான். வேலியில் என்ன செடி இருந்தது, தடம் எத்தனை ஆழம், வண்டி எந்த இடத்தில் ஒதுங்கும் என்பது தரையில் நின்று எடுத்தால்தான் விழும். வேலை பெரிதில்லை. ஊர்ப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை, அதே மாதம், அதே கல்லின் மேல் நின்று, காலை வெயிலில் இரண்டு திசையிலும் ஒவ்வொரு படம். அளவுக்கு ஒரு மூங்கில் கழி. ஒரு தாளில் சர்வே எண்ணும் தேதியும் எழுதி, அதையும் படத்துக்குள் வைத்துவிட வேண்டும். புல வரைபடத்தில் "வண்டிப்பாதை" என்று கோடு போட்டிருந்தால் அதன் நகலும் கூடவே இருக்கட்டும்.

ஆளும் இல்லாமல், வண்டியும் இல்லாமல், வெறும் தடத்தை எடுத்த அந்தப் படத்துக்கு லைக் விழாது. பத்து வருடம் கழித்து "இந்தக் காட்டுக்குள்ள எந்தக் காலத்துலீங்க தடம் இருந்துச்சு?" என்று ஒருத்தர் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கும்போது, தேதியோடு எடுத்து நீட்டலாம்.