வயலில் தெளிக்கும் நஞ்சு: ஓர் ஆய்வும் அதன் பயனும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரைக்கொண்டு வட்டை வட்டையாக வேளாண்மை விளைகின்றது. கிழக்கே எழுவான்கரையின் மணற்றரையில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை ஆகியன கிணற்று நீரில் வளர்கின்றன. இரு கரைகளிலும் பூச்சி கண்டவுடன் கமக்காரர் நாடுவது பீடைகொல்லியையே. அதனை "மருந்து" என்று வழங்குவது நம் நாட்டு வழக்கம். பயிருக்கு அது மருந்தாயினும், தெளிப்பவருக்கும் உண்பவருக்கும் அது நஞ்சேயாம். அந்நஞ்சு இந்நாட்டில் எத்தனை பேரைத் தாக்குகின்றது என்பதைக் கணக்கெடுத்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், கொழும்பு மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத் துறையிற் பணியாற்றிய ஜே. ஜெயரத்தினம் ஆவார்.

அவரும் உடனாய்வாளர் இருவரும் செய்த கணக்கெடுப்பு 1982ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சினால் இலங்கை வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் என்றும் அவர்கள் கண்டனர். அன்று நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடி மட்டுமே. நூற்றுக்கு 73 பேர் மனம் நொந்த வேளையில் கைக்கெட்டிய நஞ்சை நாடியவர்கள். நூற்றுக்கு 25 பேர் தொழில் செய்கையிலோ தற்செயலாகவோ தாக்கப்பட்டவர்கள். அஃதாவது, உயிரை மாய்க்கும் எண்ணம் சிறிதுமின்றி, தம் பயிரைக் காக்க முயன்றோ கவனக்குறைவினாலோ ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைக்குச் சென்றனர்.

பின்னர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற ஜெயரத்தினம், இலங்கையுடன் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் விவசாயத் தொழிலாளரையும் ஆராய்ந்தார். வைத்தியசாலைப் பதிவேட்டில் இடம்பெறுவோர் ஒரு பகுதியினரே; தலையிடி, மயக்கம், வாந்தி என்று வீட்டிலேயே படுத்தெழும்புவோர் அவர்களினும் மிகப் பலர். வளர்முக நாடுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டரைக் கோடி விவசாயத் தொழிலாளர் இவ்வாறு நஞ்சின் தாக்கத்துக்கு ஆளாகக்கூடும் என்பது 1990இல் அவர் வெளியிட்ட மதிப்பீடு.

இந்நஞ்சு உடலினுட் புகும் வழியைக் கமக்காரர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். வாய்வழி ஒன்றே வழியன்று. முதுகிற் சுமந்த தெளிகருவி ஒழுகினால், நனைந்த சட்டையின் ஊடாகத் தோல் அதனை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் வியர்த்த தோல் மேலும் விரைவாக உறிஞ்சும். ஒகனோபொசுபேற்று வகை நஞ்சுகள் நரம்புகளின் செய்தியை அடக்கும் நொதியத்தைச் செயலற்றதாக்குகின்றன. அதனால் உமிழ்நீர் பெருகும்; கண்மணி சுருங்கும்; தசைகள் துடிக்கும்; ஈற்றில் மூச்சு அடைபடும். இக்குறிகள் தோன்றின், நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நஞ்சுப் போத்தலின் சுட்டுத்துண்டையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். பால் பருக்குதலும் வாந்தி எடுப்பித்தலும் தீங்கை மிகுவிக்கும்.

நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. அதன் பின்னர், கடுநஞ்சுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1984இல் பரத்தியன் நீங்கியது. 1995இல் மொனோகுரோட்டோபொசு, மெத்தமிடோபொசு ஆகியன நீங்கின. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்துக்கொண்டமையால், 1998இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. 1995க்கும் 2005க்கும் இடையில் நாட்டின் தற்கொலை வீதம் அரைவாசியளவாகக் குறைந்தது.

கடுநஞ்சு இல்லாவிடின் விளைச்சல் வீழ்ந்துவிடும் என்ற அச்சம் அக்காலத்திற் பலருக்கும் இருந்தது. அது வீண் அச்சமென்று தள்ளத்தக்கதன்று; ஒரு போகம் தவறினால் கடனில் மூழ்கும் குடும்பங்கள் பல. ஆயின், பீடைகொல்லிப் பதிவாளராயிருந்த காமினி மனுவீரவும் பிறரும் தடைகளுக்கு முன்னும் பின்னும் பெற்ற விளைச்சலை ஒப்புநோக்கி, 2008இல் தம் முடிவை வெளியிட்டனர். தடைகளினால் நெல்லின் விளைச்சலோ ஏனைய பயிர்களின் விளைச்சலோ வீழ்ச்சியடைந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. நெல்வயலை உற்றுநோக்குவோருக்கு இது வியப்பன்று. பயிர் இளமையாயிருக்கும்போது இலை கடிக்கும் புழுவுக்கு அஞ்சித் தெளித்தால், சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடியும். அவை மடிந்த வயலிலே அறக்கொட்டியான் தடையின்றிப் பெருகும். பணம் கொடுத்து வாங்கிய நஞ்சே பகைவனுக்கு வழி திறந்துவிடுகின்றது.

தெளிப்பவரைப் போலவே உண்பவரையும் கருதுதல் வேண்டும். உணவிற் சேர்க்கும் நிறமூட்டிகளையும் பதன்பொருள்களையும் அளவிட 1956இலும், பயிரில் எஞ்சும் பீடைகொல்லியை அளவிட 1963இலும், உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் நிபுணர் கூட்டங்களைத் தொடக்கின. இரண்டிலும் கையாளும் முறை ஏறக்குறைய ஒன்றே. விலங்குகளுக்கு நெடுங்காலம் நாளாந்தம் ஊட்டி, எவ்விதத் தீங்கும் விளையாத அதிகூடிய அளவைக் காண்பர். அதனைப் பொதுவாக நூறால் வகுத்து, மனிதர் வாழ்நாள் முழுவதும் நாளாந்தம் உட்கொண்டாலும் தீங்கற்ற அளவை வரையறுப்பர். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து. வலியவருக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து.

கமக்காரரின் கையில் இக்கணக்கு ஒரேயொரு எண்ணாக வந்து சேர்கின்றது. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் விடவேண்டிய நாட்களின் தொகையே அது. சுட்டுத்துண்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். வெயிலும் பயிரின் வளர்ச்சியும் நஞ்சைச் சிதைக்க அந்நாட்கள் தேவை. கத்தரியும் பயற்றையும் ஓரிரு நாட்களுக்கொருமுறை பறிக்கப்படுவன. ஆதலின் இங்கேதான் தவறு மிகுதி. பதினான்கு நாள் இடைவெளி வேண்டும் நஞ்சைக் காய்க்கத் தொடங்கிய செடிக்குத் தெளித்துவிட்டு, நான்காம் நாள் சந்தைக்குக் கொண்டுசெல்லும் காயில் அந்நஞ்சு தங்கியிருக்கும். காய்ப்பறிப்புக் காலத்தில் தெளித்தே ஆகவேண்டுமெனின், குறுகிய இடைவெளி உடையதைத் தெரிந்தெடுக்க விவசாயப் போதனாசிரியரை உசாவுதல் நன்று. அளவைக் கூட்டுவதும், இரண்டு மூன்றை ஒன்றாகக் கலப்பதும் எவ்விடத்தும் விலக்கத்தக்கன.

நஞ்சுப் போத்தலை வீட்டின் இறப்பிற் செருகி வைக்கும் பழக்கம் இன்னும் உண்டு. அதனைப் பூட்டிய பெட்டியில் வைத்துத் திறப்பை ஒருவரே வைத்திருத்தல் வேண்டும். கணநேரக் கோபமோ துயரமோ தணியும் வரை அந்தப் பூட்டு ஓர் உயிரைக் காத்து நிற்கக்கூடும் என்பது ஜெயரத்தினத்தின் எண்களை நோக்குவோருக்கு விளங்கும்.

தெளிகருவியை வாய்க்காலிற் கழுவலாகாது. வட்டைகளின் வடிநீர் வாவியை அடைகின்றது; பூச்சிகொல்லிகள் பல மீனுக்கும் இறாலுக்கும் சிற்றளவிலேயே கொடியன. வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியினுள்ளேயே ஊற்றி, அதே வயலில் தெளித்து முடிக்கவேண்டும். பின்னர், மண்ணெண்ணெயோ குடிநீரோ எடுக்க ஒருவரும் பயன்படுத்தாவண்ணம் போத்தலின் அடியைத் துளைத்துவிடுக.