வேலிமீது நின்ற மனிதன்

பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் வேறு என்றான பின், மனிதனுக்குச் சொந்த ஊர் எது? புலம்பெயர்ந்தோர் நெஞ்சை விட்டு அகலாத இவ்வினாவை ஆஸ்திரேலிய எழுத்தாளர் டேவிட் மலூஃப், ‘ரிமெம்பரிங் பாபிலோன்’ என்னும் தமது வரலாற்றுப் புதினத்தில் எழுப்புகிறார். 1993-இல் வெளிவந்த இந்நூல், 1996-இல் டப்ளின் நகரின் உலகளாவிய இலக்கியப் பரிசை முதன்முதலாகப் பெற்றது. ஆசிரியரின் தந்தைவழி முன்னோரே லெபனானிலிருந்து குடியேறிய கிறிஸ்தவர்கள். பாபிலோன் என்ற பெயரோ, நாடு கடத்தப்பட்ட இஸ்ராயேல் மக்களின் கண்ணீரை நமக்கு நினைவூட்டுகிறது.

கதை நிகழும் காலம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இடம் குயின்ஸ்லாந்தின் தொலைதூரக் குடியிருப்பு. ஸ்காட்லாந்தை விட்டு வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே காட்டைத் திருத்தி வாழ்கின்றன. ஒருநாள் சிறுவர் மூவர் விளையாடுகையில், காட்டுப் பக்கமிருந்து ஓடிவந்த ஓர் உருவம் வேலிமீது ஏறித் தள்ளாடுகிறது. சிறுவன் ஒருவன் கையிலிருந்த கம்பைத் துப்பாக்கிபோல் நீட்டவே, தன்னைச் சுட வேண்டாமென்று திக்கித் திணறி ஆங்கிலத்தில் மன்றாடுகிறான் வந்தவன். அவன் பெயர் ஜெம்மி. கப்பலிலிருந்து கடலில் எறியப்பட்டுக் கரை ஒதுங்கிய வெள்ளைச் சிறுவனைப் பூர்வகுடி மக்கள் பதினாறு ஆண்டுகள் தம்மில் ஒருவனாக வைத்திருந்தனர்.

இதற்கு வித்திட்டது உண்மை நிகழ்ச்சியே. 1846-இல் கப்பல் உடைந்து கரைசேர்ந்த ஜேம்ஸ் மோரில் என்பவர் பூர்வகுடியினரிடையே வாழ்ந்து, 1863-இல் இவ்வாறே வெள்ளையர் குடிசை ஒன்றை அணுகினார்.

ஜெம்மிக்குத் தம் இல்லத்தில் இடமளிக்கின்றனர் ஜாக், எலன் என்னும் தம்பதியர். அண்டை அயலாரோ அஞ்சுகின்றனர். வெள்ளையனாய்ப் பிறந்தவன் இவ்வளவு மாறக்கூடுமாயின், நாமும் நம் மொழியையும் முகத்தையும் இழந்துவிடுவோமோ என்பதே அவர்கள் அச்சம். பிறர் நிலத்தில் வேலியிட்டவர்களுக்கு உறக்கம் ஏது? பூர்வகுடியினர் இருவர் ஜெம்மியைக் காண வந்து சென்றதும் ஐயம் பகையாகிறது. நள்ளிரவில் அவனை ஓடைக்கு இழுத்துச் சென்று வதைக்கின்றனர். ஜாக் ஓடிச்சென்று மீட்கிறான். முடிவில் ஜெம்மி, வந்த காட்டுக்கே திரும்பிச் செல்கிறான்.

எனினும் அவன் வருகை வீண்போகவில்லை. நண்பர்கள் விலகியபின் தனித்து நடக்கும் ஜாக், புல் நுனியெங்கும் பச்சைப் பூச்சிகள் மணிபோல் மின்னுவதை முதன்முறையாகக் காண்கிறான். இத்தனை ஆண்டுகள் உழுத நிலத்தை அன்றுதான் அவன் பார்க்கிறான்! அவன் மகள் ஜேனட் பிற்காலத்தில் அருட்சகோதரி மோனிக்காவாகி, கன்னியர் மடத்தில் தேனீ வளர்க்கிறாள். கம்பை நீட்டிய சிறுவனோ அமைச்சராகிறான். முதல் உலகப்போர்க் காலத்தில் முதியவர்களாய்ச் சந்திக்கும் இருவரும், அந்த ஏழையைத் தாங்கள் நேசித்ததை உணர்கின்றனர்.

இந்நூல் நமக்குக் கற்பிப்பது யாது? நிலத்தை வளைத்து வேலியிடுவதால் ஓர் ஊர் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. வந்தவனுக்குக் கதவு திறக்கும்போதே நாமும் அவ்வூரின் மக்களாகிறோம். கரை ஒதுங்கிய சிறுவனைக் காத்தவர்கள், ஆண்டவரைப் பற்றிக் கேள்வியுறாத பூர்வகுடியினர். அவனை அடித்தவர்களோ விவிலியம் வைத்திருந்தவர்கள். இது நம் நெஞ்சைச் சுட வேண்டாமா?

ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமும் அந்நியமாய்த்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. பிழைப்புத் தேடி வேற்று மொழியாளர் ஒருவர் நம் தெருவில் குடிவரும்போது, நம் பிள்ளைகள் கையில் இருக்கப்போவது என்ன? நீட்டிய கம்பா, ஒரு குவளைத் தண்ணீரா? அதைப் பெற்றோராகிய நாமே முடிவு செய்கிறோம்.