காய்கறிக் கடையில் ஒரு ககரம்

நான்கு வயதைக் கடந்த குழந்தை 'காக்கா' என்பதைத் 'தாத்தா' என்று சொல்லும்போது வீட்டார் மகிழ்ந்து சிரிப்பது இயல்பே ஆயினும், பள்ளிப் பருவத்திலும் அந்த உச்சரிப்பு நீடிக்குமானால், சக மாணவரின் கேலிக்கு அஞ்சி அது வாய் திறப்பதையே குறைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. நாவின் அடி மேலண்ணத்தின் அடியைப் பொருந்தக் ககரமும், நாநுனி பரந்து பல்லின் அடியைத் தொடத் தகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் பகுத்துக் காட்டியிருப்பதை நினைவிற் கொண்டால், குழந்தையிடம் காண்பது சோம்பலன்று, ஸ்தானம் மாறிய பிரயத்தனம் என்பது விளங்கும். 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மெக்லியோட், குரோ என்னும் அறிஞர் இருவர் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் கைவந்துவிடுவதாகக் காட்டுகிறது. அதற்கு மேலும் தடுமாறும் குழந்தைக்கு முதலில் செவிப்புலனைப் பரிசோதிப்பதே முறை.

திக்குவாயால் தாமே துன்புற்றவராகிய அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் வான் ரைப்பர் 1939-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய சிகிச்சை முறை, பிழையொலியையும் சரியொலியையும் காது பகுத்தறியச் செய்தபின், தனியொலி, அசை, சொல், வாக்கியம், உரையாடல் எனப் படிப்படியாக ஏறுவது. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒலியைப் பன்முறை சொல்லவேண்டும்; எந்தக் குழந்தையும் அதற்காக நாற்காலியில் அமர்ந்திருக்க உடன்படாது. ஆகவேதான் விளையாட்டு.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டார வீதியில் குழந்தை தினமும் காணும் காய்கறிக் கடையை வீட்டுக் கூடத்தில் விரித்து, கத்தரிக்காயும் கீரையும் கொய்யாவும் பரப்பி, 'கீரைக் கட்டு' கேட்கவேண்டிய குழந்தை 'தட்டு' என்று கேட்டால், கடைக்காரி வேடம் பூண்ட தாய் சற்றும் சிரியாமல் ஒரு தட்டை எடுத்து நீட்டட்டும். கண்டிப்பாரின்றியே பிழை குழந்தைக்குப் புலப்படும். தனக்கு வேண்டிய பொருளைப் பெறுவதற்காக அது நாவைத் தானே பின்னுக்கு இழுத்துப் பார்க்கும். ஆங்கிலத்துக்கென அச்சிட்ட பட அட்டைகளைவிட இதை நான் மேலாகக் கருதுவதற்குத் தமிழின் ஒலியமைப்பே காரணம். ஆங்கிலச் சொற்கள் பல ககர ஒலியில் முடிகின்றன. தமிழ்ச் சொல்லோ வல்லின மெய்யில் முடிவதில்லை. மேலும் 'பகல்' என்பதிற்போல் உயிர்களிடையே தனித்து வரும் ககரம் மென்மையுற்றுவிடுவதால், உறுதியான ககரத்தைச் சொல்லின் முதலிலும், 'பாக்கு', 'சர்க்கரை' போன்ற இரட்டிப்பிலும் தேடவேண்டும்.

ரகரத்துக்கு ரசமும் ரொட்டியும் ரம்புத்தானும் இருக்கின்றன; நாற்காலிகளை வரிசையாக இட்டு கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு ரயில் விட்டு, நிலையத்துக்கு ஒரு சொல்லைப் பயணச்சீட்டாகக் கேட்கலாம். காகிதத்தில் வரைந்த பத்துமலை முருகன் கோயில் படிகளில் சொல்லுக்கு ஒரு படியாகப் பொம்மையை ஏற்றுவதும் நன்று. 272 படிகளையும் ஒரே நாளில் ஏறவேண்டுவதில்லை. ஆனால் நாக்கில் வசம்பு தேய்ப்பதாலோ, பேச்சோடு சேராமல் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் பயிற்சியாலோ ஒலி திருந்தும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்னும் குழந்தையின் விஷயம் வேறு. வீட்டுப் பெரியோரே அவ்வாறு பேசும்போது அது குறைபாடன்று, வழக்கு; ழகரத்தைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமையேயன்றிச் சிகிச்சையின் பொருளாகாது. கோலாலம்பூரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியபின் நம் நாட்டிலேயே சிகிச்சையாளர்கள் உருவாகி வருகின்றனர் எனினும், தமிழ் அறியாதவரிடம் செல்ல நேரும் பெற்றோர், குழந்தை பேசுவதையும், அதே சொற்களை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வதையும் கைப்பேசியில் பதிவுசெய்து உடன் கொண்டுசெல்வார்களாயின், எது குடும்பத்தின் வழக்கு, எது குழந்தையின் பிழை என்பதைச் சிகிச்சையாளர் ஒப்பிட்டுத் தெளிய இயலும்.