பெட்டியடியிலிருந்து வங்கித் தலைமை வரை

முதலில் வாய்ப்பாடு. அந்தக் காலத்தில் கடல் தாண்டி வட்டிக் கடை நடத்தப் போன செட்டிநாட்டுப் பையனுக்குப் பாடம் அங்கேதான் தொடங்கும். பெருக்கல் மட்டும் தெரிந்தால் போதாது. அரைக்கால், மாகாணி, முந்திரி என்று கீழே இறங்கும் பின்னங்களும் நாக்கு நுனியில் நிற்க வேண்டும். ஆயிரத்து இருநூறு ரூபாய், நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி, நாற்பது நாள் ஆனால் எவ்வளவு? மாதத்துக்கு ஒன்பது, மிச்சப் பத்து நாளுக்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு என்று தாளைத் தொடாமல் பதில் வர வேண்டும். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது விரல் விட்டு எண்ணுகிறவனிடம் யாரும் பணத்தை நம்பிக் கொடுக்கமாட்டார்கள்.

அடுத்தது பெட்டியடி. மீசை முளைக்கும் முன்பே ரங்கூனிலோ பினாங்கிலோ உறவினர் கடையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தரையில் சம்மணமிட்டு, சாய்வான மூடி போட்ட கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கடையைப் பெருக்குவது, ரூபாயை எண்ணி அடுக்குவது, கடிதங்களைப் படியெடுப்பது எல்லாம் அவன் வேலை. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, அன்றாட வரவு செலவை முதலில் குறிப்பில் ஏற்றி, பிறகு பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவதை அங்கேதான் பழகுவான். அந்தி சாய்ந்ததும் பெட்டியில் இருக்கும் பணமும் ஏட்டில் இருக்கும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தூக்கமில்லை.

கை திருந்தியதும் அடுத்தாள் ஆவான். ஏட்டைவிட்டு வெளியே போவது இப்போதுதான். கடன் கேட்பவனின் நிலம் எந்த ஆற்றோரம், போன வருஷம் வெள்ளம் ஏறியதா, வேறு யாரிடமாவது அடகு உண்டா என்று விசாரித்து வந்து சொல்வான். பர்மிய மொழி அவனுக்கு அப்படி விசாரிக்கப் போகும் வீட்டுத் திண்ணைகளில்தான் வரும்.

அதற்கும் மேலே மேலாள், அதாவது ஏஜெண்ட். தொழிலின் உயிர் இந்தப் பதவியில் இருந்தது என்பது என் எண்ணம். முதலாளி காரைக்குடிப் பக்கம் தன் வீட்டில் இருப்பார். முழு அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கடையை நடத்துகிறவர் மேலாள்தான். வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பச் செலவுக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். தவணை முடிந்ததும் லாபத்தில் பங்கு உண்டு. ஊருக்கு ஐந்தொகை தவறாமல் போக வேண்டும்.

தவணை முடியும்போது புதிய மேலாள் வந்து சேருவார். பழையவர் உடனே கப்பல் ஏற முடியாது. இருவரும் பேரேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடனாகப் பார்ப்பார்கள்: இது வரும், இது இழுக்கும், இது வராக்கடன். மறைத்து வைத்த வராக்கடன் இந்த மாற்றத்தில் வெளியே வந்துவிடும். இன்றைய வங்கிகள் தணிக்கை என்று செய்வதை இவர்கள் ஆள் மாற்றத்திலேயே சாதித்தார்கள். பெயர் கெட்ட மேலாளுக்கு இன்னொரு கடையில் இடம் கிடைக்காது, ஏனென்றால் அந்தச் சமூகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

கடைக்குப் பணம் எங்கிருந்து? முதலாளியின் முதல்பணம், உறவினர் போட்டு வைத்த மேல்பணம், மற்றக் கடைகளுக்குக் கடன் கொடுக்கும் பெரிய அடத்திக் கடைகள் தருவது, அவற்றின் வழியாக ஆங்கில வங்கிகளின் கடன். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். முருகன் சன்னிதியில் பேசி முடித்த விகிதம்தான் பர்மா முழுக்கச் செல்லும்.

கொடுத்த கடனில் பெரும்பகுதி நெல்லுக்குப் போயிற்று. நடவுக்குக் கொடுத்து அறுவடையில் வாங்குவது. 1929-30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றின் நடைமுறை மூலதனம் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததாகவும் கணித்தது. உடனே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, அடகு வைத்த நிலம் கடைக்கு வந்தது. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதம் ஆயிற்று. நிலம் இழந்த பர்மியக் குடியானவனின் கோபம் நியாயமானது. செட்டியாருக்கும் அது நஷ்டமே. வேண்டியது ரொக்கம், வந்தது விற்க முடியாத வயல். ஆளைக் கணிப்பதில் இவ்வளவு தேர்ந்தவர்கள், எல்லாவற்றையும் ஒரே பயிரில் வைத்ததை யாரும் தடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வட்டிக் கடை என்ற ஏணிக்கு அடுத்த படியாக வங்கியைக் கட்டியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1908இல் பிறந்த அவர், 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார். ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. புதிய எல்லை உருவாகப்போகும் நேரத்தில் அந்நியச் செலாவணியைத் தொழிலாக எடுத்தது நல்ல கணிப்பு. பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் வந்தன.

காப்பீட்டில் அவர் கையிலிருந்தது யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம். வங்கிக்காரருக்கு இது வேறு பழக்கம். வைப்புத்தொகையை எந்த நிமிஷமும் கேட்பார்கள். ஆயுள் பாலிசிப் பணம் பல ஆண்டுகள் தங்கும், ஆனால் ஒரு நாள் கொடுத்தே தீர வேண்டும். அதனால் ஒன்றில் கையிருப்பைப் பார்க்க வேண்டும், மற்றதில் கட்டடம், கடன்பத்திரம் என்று நீண்ட கால முதலீடு தேட வேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் உயரமான தலைமையகம் எழுப்ப அவர் திட்டமிட்டது இந்தக் கணக்கில்தான்.

1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாகி எல்.ஐ.சி.யின் கீழ் வந்தது. 1959இல் திறந்த அந்த மவுண்ட் ரோட்டுக் கட்டடம் எல்.ஐ.சி. என்றே பெயர் பெற்றது. 1969 ஜூலையில் அரசுடைமையான பதினான்கு வங்கிகளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. இப்போது போட்டித் தேர்வு எழுதிப் பயிற்சி அதிகாரியாகச் சேர்கிறார்கள். சில ஆண்டு உள்ளூர்க் கிளைகளில் பழகியவர்களில் சிலர் குறிப்பிட்ட காலத்துக்கு வெளிநாட்டுக் கிளைக்குப் போகிறார்கள். அடுத்து வருபவரிடம் கடன் கோப்புகளை ஒப்படைத்த பிறகுதான் ஊர் திரும்ப முடியும்.