ஈரக்கை படக்கூடாது!



விடுமுறையில் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டேன். "ஈரக்கையை வைக்காதேடா, பூசணம் பூத்துடும்!" என்று அம்மா அதட்டினாள். பள்ளிக்கூடமே போகாத அவள் சொன்னதுதான் ஸ்டெம் செல் வளர்ப்பிலும் முதல் பாடம்.

உடலின் பலவகை செல்களாக மாறக்கூடியது ஸ்டெம் செல். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2007-ல் மனிதத் தோல் செல்லையே அப்படி மாற்றிக் காட்டினார். 2014-ல் கோபே நகரில் ஒரு மூதாட்டியின் தோலிலிருந்து இவ்வாறு உருவாக்கிய விழித்திரை செல்கள் அவர் கண்ணிலேயே பொருத்தப்பட்டன.

கத்தரியை 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கலாம். செல்லை வைத்தால் செத்துப்போகும். ஆகவே முதலிலிருந்தே கிருமி நுழையக் கூடாது. செல்லுக்குத் தரும் சத்தும் 37 டிகிரி சூடும் கிருமிக்கும் கொண்டாட்டம்தான்!

கிருமியைப் பெரும்பாலும் கொண்டுவருவது யார்? மனிதன்தான். கையுறை போட்டாலும் தோல் துகள் உதிரும். அதனால் மூடிய பெட்டி, ஹெப்பா வடிகட்டிய காற்று, சத்துநீரை மாற்ற ரோபோ கை, கண்காணிக்கக் கேமரா என்று ஆட்டோமேஷன் வருகிறது.

"அப்போ மனுஷனுக்கு வேலை இல்லையாடா?" என்றாள் அம்மா. இருக்கிறது! சென்சார் தவறாகக் காட்டினால் ஒரு நோயாளிக்காக வளர்த்த செல் முழுவதும் வீண். அதைக் காலிபரேட் செய்வது நம்மைப் போன்றவர்கள்தானே?

போன செமஸ்டரில் லேப் ரீடிங்கை நண்பனைப் பார்த்துக் காப்பி அடித்தேன். இனி அடிக்க மாட்டேன். நீங்களும்தான் நண்பர்களே!