பழைய காரின் புகை: நிறமும் நேரமும்

லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரின் சைலன்சரில் புகை தெரிந்ததும், ‘இன்ஜின் வேலை வந்துவிட்டது’ என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங் புகை தள்ளும். விலை குறைந்த ரப்பர் சீல் ஒன்று இறுகிப்போனாலும் அதே நிறத்தில்தான் புகை வரும். செலவிலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இவற்றைப் பிரித்தறிய நிறம் மட்டும் போதாது. புகை எப்போது வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெள்ளைப் புகையில் பெரும்பகுதி வெறும் நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. மார்கழிக் காலையில் சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அது வெண்மையாகத் தெரியும், முனையில் சொட்டவும் செய்யும். இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிட்டால் கவலையில்லை. சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு கலந்த வாடையும் வீசினால், கூலண்ட் எரிகிறது என்று பொருள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சிலிண்டர் ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். வெளியே ஒழுகல் இல்லாமலே கூலண்ட் குறைவது, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்குப் படிவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது ஆகியவை இதை உறுதிப்படுத்தும். குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரத்தாலும் மூடியில் அந்தப் பிசுக்குச் சிறிது படிவதுண்டு. ஆனால் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால் அந்தக் காரை ஓட்டுவதே தவறு. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

நீலப் புகைக்குக் காரணம் இன்ஜின் ஆயில் எரிவது. ஓடித் தேய்ந்த கார்களில் அதிகம் காணப்படுவதும், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். ஆயில் எரியும் அறைக்குள் நுழைய முக்கியமாக இரண்டு வழிகள். மேலிருந்து வால்வு சீல் வழியாக இறங்கலாம். கீழிருந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஏறலாம்.

வால்வு சீல் கெட்டிருந்தால், இரவு முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபீரென்று நீலப்புகை கிளம்பி ஓய்ந்துவிடும். மலைப்பாதையில் இன்னும் தெளிவாகத் தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கியரிலேயே, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்டேக் பகுதியில் வெற்றிடம் கூடி, சீல் வழியே ஆயிலை உறிஞ்சும். வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியில் கண்ணாடியில் நீலமாக ஒரு புகைமூட்டம் தெரியும்.

ரிங் தேய்ந்த கார் அப்படியல்ல. மேடு ஏறும்போதும் வேகம் கூட்டும்போதும் புகை தொடர்ந்து வரும், பிக்கப் குறையும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் காற்றும் புகையும் தள்ளிக்கொண்டு வரும். இதை மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். சந்தேகம் தீர கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரை நம்பத் தேவையில்லை.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிசிவி வால்வு. இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் சிறு பாகம் இது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் வேண்டாத இடங்களுக்குத் தள்ளப்படும். மலிவான பாகம்தான், ஆனால் பலரும் மறந்துவிடுவார்கள். டர்போ உள்ள காராக இருந்தால் டர்போ சீலையும் பார்க்க வேண்டும்.

புகையே தெரியாமலும் ஆயில் குறையலாம். சிறிதளவு எரியும் ஆயிலை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மறைத்துவிடும். நாளடைவில் கன்வெர்ட்டரும் கெடும். ஆகவே டிப்ஸ்டிக் கணக்கே நம்பகமானது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்தால் கட்டாயம் காரணம் தேட வேண்டும்.

கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். அழுக்கேறிய ஏர் ஃபில்டர், பழுதான ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சிக்கிக்கொண்ட சோக் ஆகியவையே வழக்கமான காரணங்கள். டீசல் காரில் நோசில், இஜிஆர் வால்வு, டர்போ ஹோஸ் வெடிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். டீசலில் காலையில் கண் எரியும் வெள்ளைப் புகை வந்தால் அது எரியாத டீசல். முதலில் குளோ பிளக்கைப் பார்க்க வேண்டும்.

பழைய கார் விற்பவர்களில் சிலர் கெட்டியான ஆயிலை ஊற்றி நீலப்புகையைச் சில நாட்களுக்கு அடக்கிவைப்பார்கள். வாங்குபவர் வருவதற்குள் இன்ஜினைச் சூடாக்கியும் வைப்பார்கள். வாங்கப் போகிறவர் காலையிலேயே போய், பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நிற்க வேண்டிய இடம் சைலன்சருக்குப் பின்னால்.