கல்லில் எழுதிய பாடுகள்: தவக்காலத்தில் ஒரு பாந்த்ரா பயணம்

விருந்தினர் வந்தால் கேட்வே, எலிஃபண்டா, ஜுஹு என்று காட்டுவதற்கு மும்பைத் தமிழர்கள் நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் ஒரு கல் சிலுவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். சில ஆண்டுகளாகத் தவக்காலத்தில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் சிலவற்றோடு நான் அங்கே போய்வருகிறேன். கூட வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. ஆகவே அடிப்படையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 21-லோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். நம் பங்குனி, சித்திரைப் பௌர்ணமிக் கணக்கோடு சேர்ந்தே வரும். அதற்கு முன், ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் 40 நாள் தவக்காலம். சீர்திருத்தச் சபையார் இதை லெந்து காலம் என்பார்கள். தொடங்கும் நாளுக்குக் கத்தோலிக்கத் தமிழர் வைத்த பெயர் திருநீற்றுப் புதன். எவ்வளவு அழகான தமிழ், பாருங்கள்! இந்நாட்களில் ஆலயங்களில் 14 நிலைகள் கொண்ட சிலுவைப்பாதை நடக்கும். 14 என்ற எண்ணிக்கையை 1731-ல் உறுதி செய்தவர் திருத்தந்தை 12-ம் கிளமெண்ட்.

இனி சிலுவைக்கு வருவோம். பாந்த்ரா மேற்கில் ஹில் ரோட்டில் உள்ள புனித அந்திரேயா ஆலயம் 1575-ல் தோன்றியது. அதன் வளாகத்தில் ஒரே கல்லில் செதுக்கிய 17 அடி உயரச் சிலுவை ஒன்று நிற்கிறது. அதில் மேலிருந்து கீழ்வரை இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் 39 அடையாளங்கள்.

இவற்றை எப்படிப் படிப்பது? நமக்கு இது புதிதல்ல. வேல் ஒன்றை நட்டு வைத்தாலே முருகன் என்கிறோம். சங்கும் சக்கரமும் கண்டால் பெருமாள் என்கிறோம். அதே முறைதான் இங்கேயும். பொருளைக் காட்டினால் நிகழ்ச்சி நினைவுக்கு வரும். எழுத்தறியாத மக்களுக்கு அதுவே புத்தகம்.

இவ்வகைச் சிலுவைகளில் வழக்கமாக வரும் அடையாளங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். சேவல், அது கூவுமுன் பேதுரு மூன்று முறை மறுதலித்ததைச் சொல்லும். காசுப்பை, யூதாஸ் வாங்கிய 30 வெள்ளிக்காசு. அந்தக் காசில் குயவன் நிலம் ஒன்றை வாங்கினார்கள் என்கிறது மத்தேயு நற்செய்தி. நம் கும்பர்வாடாப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். செம்பும் கிண்ணமும் பிலாத்து கை கழுவியது. பகடை, போர்வீரர்கள் அவருடைய அங்கிக்காகச் சீட்டுப் போட்டது. தூணும் சாட்டையும், முள்முடி, ஈட்டி, காடியில் தோய்த்த கடற்காளான் ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சுத்தியும் ஆணியும் இருக்கும். கூடவே குறடும் ஏணியும் இருக்கும். அடித்தது சுத்தி, பிடுங்கியது குறடு. உடலை இறக்கி அடக்கம் செய்தவர்களின் கருவிகள் அவை. கொடுமையின் கருவியும் இரக்கத்தின் கருவியும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தவக்காலத் தியானம் என்றால் எனக்கு இதுதான்: என் கையில் இருப்பது சுத்தியா, குறடா?

இந்தச் சிலுவை ஆரம்பத்தில் இங்கே இருந்ததல்ல. 1610-ல் கட்டப்பட்ட புனித அன்னாள் குருமடத்தில் இருந்தது. 1739-ல், மராத்தியப் போர்க்காலத்தில், அந்தக் குருமடம் அழிந்தது. 1870-ல் சிலுவையைக் கொண்டுவந்து இவ்வாலயத்தில் நிறுவினார்கள். கட்டடம் போயும் கல் பிழைத்ததென்றால், அது என்னவென்று தெரிந்து தூக்கிவந்தவர்கள் இருந்ததால்தான்.

எல்லாச் சிலுவைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கிய காலத்தில் காப்பு வேண்டி மக்கள் தெருமுனைகளில் சிலுவை நட்டார்கள். பாந்த்ராவில் அப்படிப் பல இன்றும் மாலையோடு நிற்கின்றன. ஆனால் 2017 ஏப்ரலில் அங்கே பஜார் ரோட்டில் 1895-ம் ஆண்டுச் சிலுவை ஒன்றை மாநகராட்சி இடித்தது. தாராவியிலோ மறுசீரமைப்புக்காக 2024-ல் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் எழுப்பிய கோயில், ஆலயம், பள்ளிவாசல் எல்லாம் அங்கேதான் உள்ளன. வீடு மாறலாம், எதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

போகும் வழி சுலபம். மாஹிமிலிருந்து பாந்த்ரா ஒரே ஸ்டேஷன். செம்பூர்க்காரர்கள் வடாலா ரோட்டில் மாறணும். காலையிலேயே போங்க; வெயில் ஏறுமுன், சாய்ந்த வெளிச்சத்தில் செதுக்கல் நன்றாகத் தெரியும். வழிபாடு நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, அனுமதி கேட்டுப் பாருங்கள். தவக்காலத்தின் கடைசி இரு வாரங்களில் சில ஆலயங்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருப்பார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டாம். கண்ணுக்கும் ஒரு நோன்பு, அவ்வளவுதான்.

கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, எத்தனை அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகளை எண்ண விடுங்கள். வீடு திரும்பியதும், திருநெல்வேலிக்காரரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பகுதியைப் பெரியவர்கள் வாசித்துக் காட்டலாம். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளையும், காலையில் கல்லில் பார்த்ததை மாலையில் தமிழில் கேட்கும். இந்த ஈஸ்டருக்கு முன் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கி வையுங்கள்.